யாரு இவரு?

புது கோச்சின் பெயர் அறிவிக்கப்படும் நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் விழும் கேள்வி ஒன்றுதான்: "யாரு இவரு?" எங்கள் கால்பந்து அணியான "சென்னையின் எஃப்.சி."க்கு எத்தனை கோச் வந்து போயிருக்கிறார்களோ அத்தனை முறை அந்தக் கேள்வி விழுந்திருக்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் விக்கிப்பீடியா பக்கம், பழைய பேட்டிகள், மங்கலான யூடியூப் துண்டுகள் எல்லாம் வந்து குவியும். 2020-இல் சாபா லாஸ்லோ வந்தார். உகாண்டா தேசிய அணிக்கும் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணிக்கும் பொறுப்பாக இருந்தவர் என்று தெரிந்ததும், உகாண்டா எப்படி ஆடும் என்று இங்கே இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இரண்டு பேருமே உகாண்டா ஆடி ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. 2021-இல் போஜிதார் பாந்தோவிச். தாய்லாந்தில் புரிராம் அணியைச் சாம்பியனாக்கியவர். "ஆசியாவைத் தெரிஞ்ச ஆளு" என்று ஒரே நாளில் பட்டம் கொடுத்துவிட்டோம். 2022-இல் தாமஸ் பிர்டாரிச். ஜெர்மனிக்காக ஆடிய ஸ்டிரைக்கர். ஜெர்மனி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மீதியை நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

2025-இல் கிளிஃபோர்ட் மிராண்டாவின் பெயர் வந்தபோது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கோவாக்காரர், அந்த ஊர் டெம்போ அணியில் ஆடியவர், இந்தியாவுக்கு ஆடியவர் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே குழுவில் சத்தம் இல்லை. இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவன் "ஓகே" என்றான். சென்னையின் அணி முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக ஓர் இந்தியரை அமர்த்தியது அதுதான் முதல்முறை. எங்கள் குழுவில் அது ஒரு "ஓகே"யோடு முடிந்துபோனது.

அந்த "ஓகே" கொஞ்ச நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. புது கோச்சிடம் நாங்கள் எதிர்பார்ப்பது அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில், அவரைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் ஆசை வளர்கிறது போல. பெயரை உச்சரிக்கத் தடுமாறினால் கோப்பை வரும். பெயர் சுலபமாக வாயில் நுழைந்தால், பார்க்கலாம்.

நான் 2014-இல் இருந்து நேரு ஸ்டேடியம் போகிறவன். சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டுப் பக்கமாக நடந்து, வழியில் ஒரு சமோசா, உள்ளே நுழைவதற்குள் நீல சட்டைக் கூட்டத்தில் கரைந்துவிட வேண்டும். என் பக்கத்துச் சீட்டில் அநேகமாக எல்லா மேட்சுக்கும் ஓர் அண்ணன் வருவார். அண்ணன் என்றாலும் அறுபதைத் தாண்டியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பெரம்பூர்க்காரர். சின்ன வயதில் சென்னை லீக்கில் ஏதோ ஒரு டிவிஷனில் பேக் ஆடியிருக்கிறார். எது என்று கேட்டால், "அத வுடு தம்பி, கீழ் டிவிஷன்தான்" என்பார். வாட்ஸ்அப் குழுவில் அவர் கிடையாது. அவருக்கு அது தேவையும் இல்லை.

2017 நவம்பரில் ஜான் கிரிகரியின் முதல் மேட்ச். முந்தைய பருவத்தில் இத்தாலிக்காரர் மட்டராஸி கோச்சாக இருந்த நம் அணிக்கு எட்டில் ஏழாவது இடம். ஒரு வருடம் முன்பு, 2015-இல், அதே மட்டராஸியை நாங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தோம். அந்தப் பருவத்தின் நடுவில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. கோச்சை மாற்று என்று நாங்கள் கத்தாத நாள் இல்லை. அப்புறம் தொடர்ச்சியாக ஜெயித்தார்கள். சென்னையே வெள்ளத்தில் மிதந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவின் ஏ.டி.கே.யை 3-0 என்று அடித்தார்கள். கோவாவில் நடந்த இறுதியில் கடைசி நிமிடங்களில் தோல்வியைப் புரட்டிப்போட்டு 3-2. மெண்டோசா அடித்த அந்தக் கடைசி கோலை டி.வி.யில் பார்த்தபோது வீட்டில் எங்கள் தெருத் தண்ணீர் ஏறிய தடம் சுவரில் இன்னும் காயவில்லை. இவ்வளவும் கொடுத்த மனிதரை அடுத்த பருவத்தின் முடிவில் யாரும் வருத்தத்தோடு வழியனுப்பவில்லை. நானும்தான்.

சரி, கிரிகரி. ஆஸ்டன் வில்லாவின் முன்னாள் மேனேஜர். முதல் மேட்ச் கோவாவுடன், நம் ஊரில். இடைவேளையில் 0-3. எங்கள் ஸ்டாண்டில் அடி வாங்கிய சோர்வு. எனக்குப் பின்னால் இருந்த பையன், "இவருக்கு மட்டராஸியே தேவலை" என்று அறிவித்துவிட்டான். ஒரு கோச்சின் ஆயுள் நாற்பத்தைந்து நிமிடம்! இரண்டாம் பாதியில் இரண்டு கோல் திருப்பிக் கொடுத்தார்கள். 2-3 என்று தோற்றோம். வெளியே வரும்போது அண்ணன் மட்டும் திருப்தியாக இருந்தார். "மூணு வாங்கிட்டும் லைன் பின்னாடி போகல, பாத்தியா? எறங்கி ஆடச் சொல்லியிருக்கான்" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதல் வார்த்தையாகத்தான் பட்டது. நான்கு மாதம் கழித்து, 2018 மார்ச் 17 அன்று, பெங்களூருவின் கண்டீரவாவில் பெங்களூருவையே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கினோம். மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களையும் என் கைப்பேசியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை.

அடுத்த பருவம் அதே கோச், பெரும்பாலும் அதே அணி. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். அந்த வருடத்தின் இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். அதே 2018-19-இல் தமிழ்நாட்டின் இன்னொரு அணியான சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக் பட்டத்தை வென்றது. கோச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெட்ரோ மான்ஸி கோலாகக் குவித்தார். எட்வின் வான்ஸ்பால் போன்ற நம்மூர்ப் பையன்கள் ஆடினார்கள். நம் அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) வெளிச்சத்தில் நாங்கள் கடைசி இடத்துக்கு அழுதுகொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் பட்டம் வாங்கியதை எங்கள் குழுவில் ஒரு நாள் பேசினார்கள். ஒரே ஒரு நாள்.

2019-20 பருவம்தான் எங்களைக் கெடுத்தது. கெடுத்தது என்று யோசித்துத்தான் சொல்கிறேன்.

முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது, ஹைதராபாத்துடன் நேரு ஸ்டேடியத்தில். தொண்ணூறு நிமிடம் முடிந்தும் 0-0. கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி அடித்தார். ஸ்டாண்டு இடிந்து விழும்போல் இருந்தது. உடனே ஹைதராபாத் சமன் செய்தது. அதற்கும் அப்புறம் வால்ஸ்கிஸ் இன்னொன்று அடித்தார். 2-1. முன்பின் தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அடுத்தது ஒடிசாவுடன் 2-2. அந்த மேட்ச் முடிந்த கையோடு கிரிகரி விலகிக்கொண்டார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார்.

பர்ன்லியை 2009-இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர், போல்டன், விகன் என்று போனவர். வந்த உடனே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் மேட்ச் டிரா. அடுத்து கேரளாவை 3-1 என்று அடித்தோம். அதற்கடுத்து கோவாவிடம் 3-4, ஒடிசாவிடம் 0-2 என்று தோல்வி. ஜனவரியில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கியது. கிரிவெல்லாரோ மைதானத்தில் தன் வீட்டுத் திண்ணையில் உலாத்துவதுபோல் உலாத்தினார், வால்ஸ்கிஸ் தொட்டதெல்லாம் கோல், சாங்தே ஓடினால் நிறுத்த ஆள் இல்லை. கொச்சியில் கேரளாவை 6-3. வருடா வருடம் மஞ்சள் சட்டை போட்டு நம் ஸ்டேடியத்தையே பாதி நிரப்பிவிடும் கேரள ரசிகர்களுக்கு முன்னால், அவர்கள் ஊரிலேயே ஆறு கோல்! அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டினோம். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளே இல்லாத கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று இறுதியைத் தோற்றோம். வால்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார்.

தோற்றும் எங்களுக்கு அது வெற்றிதான். அதில் இருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்தான் தப்பு. ஆள் மாறினால் போதும், இரண்டே மாதத்தில் தரையில் கிடப்பது தலைமேல் ஏறும் என்று மண்டையில் பதிந்துவிட்டது. இப்போது உட்கார்ந்து பார்த்தால் வேறு சிலதும் தெரிகிறது. கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாபியா, ஷெம்ப்ரி எல்லோரும் கிரிகரி காலத்திலேயே வந்துவிட்டவர்கள். நான்கு ஆட்டத்தில் பூஜ்யம் என்று இருந்த அணி, கிரிகரியின் கடைசி இரண்டு ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தது. பூட்டு கொஞ்சம் திறக்க ஆரம்பித்த நேரத்தில்தான் அவர் போனார். காயிலின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. கிரிவெல்லாரோவை அவிழ்த்து விட்டவர் அவர்தான். ஆனால் அணி ஆக மோசமாக இருக்கும்போதுதான் கோச்சை மாற்றுகிறார்கள். வருகிறவர் தரை தட்டிய இடத்தில் இருந்து தொடங்குகிறார், அங்கிருந்து கொஞ்சம் மேலே வருவது இயல்பாகவே நடக்கும். அந்தக் கொஞ்சத்தையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் அந்த ஜனவரியோடுதான் ஒப்பிட்டோம். காயில் ஜம்ஷெட்பூருக்குப் போய், 2021-22-இல் அவர்களுக்கு லீக் அட்டவணையில் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கிக் கொடுத்தது எங்கள் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. பாவம் லாஸ்லோ. பருவம் முழுக்க கோவாவில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில், 20 ஆட்டத்தில் 11 டிரா. பாதியில் கிரிவெல்லாரோவுக்குக் காயம். "டிரா மாஸ்டர்" என்று பெயர் வைத்துச் சிரித்தோம். பாந்தோவிச்சின் கதை 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதோடு முடிந்தது. பிர்டாரிச்சுக்கு எட்டாவது இடம். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. அது அவர் குற்றமாகவும் இருக்கலாம், என் குற்றமாகவும் இருக்கலாம்.

பாந்தோவிச் போன பிறகு, பருவத்தின் கடைசிச் சில ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் சையது சபீர் பாஷா. அண்ணனுக்கு முகம் மலர்ந்த ஒரே கோச் அறிவிப்பு அதுதான். இந்தியாவுக்காக ஆடியவர், நம் ஊரின் இந்தியன் வங்கி அணிக்கு ஆடியும் அதற்குக் கோச்சாக இருந்தும் பெயர் வாங்கியவர். 2018-இல் கோப்பை வென்றபோது கிரிகரிக்கு உதவிப் பயிற்சியாளராகப் பக்கத்தில் நின்றவரும் அவர்தான். தலைமை நாற்காலியில் இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினீக்ரோ என்று ஆட்கள் மாறினார்கள். பையன்களிடம் அவர்கள் மொழியில் பேசி, யாருக்கு முட்டி வலி, யாருக்கு வீட்டுக் கவலை என்று தெரிந்துவைத்திருக்கிற வேலை உள்ளூர் உதவியாளருடையது. "இடைக்காலம்" என்ற சொல்லை அவருக்கு ஒட்டினார்கள். அவரை நிரந்தரமாக்கச் சொல்லி எங்கள் குழுவில் ஒரு ஆள் எழுதவில்லை. அடுத்த ஜெர்மன்காரரின் விக்கிப்பீடியா பக்கம் வருவதற்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

இது எங்கள் குழுவின் குணம் மட்டும் இல்லை, இந்த லீக்கின் குணமே அப்படி. ஐஸ்வாலை 2016-17-இல் ஐ-லீக் சாம்பியனாக்கிய காலித் ஜமீல், 2020-21-இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை இடைக்காலப் பொறுப்பில் இருந்தபடியே பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் ஐ.எஸ்.எல்.லில் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் ஆனார். லீக் தொடங்கி ஏழு வருடம் கழித்து! மிராண்டாவின் கதை இன்னும் ருசிகரம். 2023-இல் ஒடிசாவுக்கு இடைக்காலப் பொறுப்பு. கோழிக்கோட்டில் நடந்த சூப்பர் கப் இறுதியில் பெங்களூருவை 2-1 என்று வென்று, அந்த கிளப்புக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பரிசாக என்ன கிடைத்தது? அடுத்த பருவத்துக்கு ஒடிசா ஸ்பெயினின் செர்ஜியோ லொபேராவைக் கொண்டுவந்தது. மிராண்டா மோகன் பகானுக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். லொபேரா பெரிய கோச், மறுப்பதற்கில்லை. ஆனாலும் கோப்பையைக் கையில் வைத்திருந்த ஆளைப் பார்த்து "யாரு இவரு?" என்றுகூட யாரும் கேட்கவில்லையே.

இதில் எனக்குப் புரியாத இன்னொன்று உண்டு. 2014-இல் லீக் தொடங்கியபோது மைதானத்தில் ஐந்து இந்தியர் இருந்தால் போதும். மீதி ஆறு பேர் வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். அப்போது வெளிநாட்டுக் கோச் வருவதில் ஒரு நியாயம் இருந்தது. ஆறு பேரையும் அவர்தான் தன் பழைய டெலிபோன் டைரியில் இருந்து கூட்டிவருவார், டைரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல அணி. 2017-இல் அந்த ஆறு ஐந்தானது, 2021-இல் நான்கானது. அதனால் பதினொன்றில் குறைந்தது ஏழு பேர் இந்தியர்கள். எந்தப் பையன் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் எந்த இடத்தில் ஆடினான், எவனுக்கு இடது கால்தான் சொந்தக் கால், எவன் திட்டினால் சுருங்கிவிடுவான் என்று தெரிந்தவர்தான் அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க முடியும். வியாசர்பாடியில் இருந்து வந்த தன்பால் கணேஷ், 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோல் அடித்தபோது எங்கள் ஸ்டாண்டு எழுப்பிய சத்தம் வேறு எந்த கோலுக்கும் கேட்டதில்லை. அதே பேட்டையின் நந்தகுமார் இன்னொருவர். 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலால் கொல்கத்தாவே அவரைத் தூக்கிக் கொண்டாடியது. பெரியமேட்டில் இருந்து வியாசர்பாடி எத்தனை தூரம்? அங்கே இருக்கும் அடுத்த பையனைப் பார்க்கிற கண் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு கோச் அறிவிப்பின்போதும் நாங்கள் கேட்டதில்லை. "அட்டாக்கிங் ஃபுட்பால் ஆடுவாரா?" என்றுதான் கேட்டிருக்கிறோம்.

2023-இல் காயில் திரும்பி வந்தார். அன்று எங்கள் குழு தீபாவளிபோல வெடித்தது. நானும் ஒரு நீளமான செய்தி எழுதினேன். இப்போது படித்தால் கூசுகிறது. 2023-24-இல் ஆறாவது இடம். நான்கு வருடம் கழித்து முதல்முறையாக பிளே-ஆஃப், அங்கே கோவாவிடம் 1-2. வேறு யாராக இருந்தாலும் கைதட்டியிருப்போம். "பழைய காயில் இல்லை" என்று முணுமுணுத்தோம். 2024-25-இல் முதல் மேட்சை ஒடிசாவின் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்து ஆசையைக் கிளப்பிவிட்டு, 13 அணிகளில் 11-வது இடத்தில் முடித்தார்கள். காயில் போனார்.

அப்புறம் லீக்கே நின்றது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான பதினைந்து வருட ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது, புதுப்பிப்பதில் சிக்கல், 2025-26 பருவம் எப்போது தொடங்கும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. அந்த இருட்டில்தான் மிராண்டா வந்தார். கையில் இருந்தது கோவாவில் நடக்கவிருந்த சூப்பர் கப் மட்டும். அறிவிப்பு வந்த அன்று மாலை அண்ணனுக்கு போன் போட்டேன்.

"யாரு, டெம்போல லெஃப்ட்ல ஆடுவானே, அவனா?"

"அவர்தாண்ணா."

"டி.வி.ல நெறைய பாத்துருக்கேன். கிராஸ் போடறதுக்கு முன்னாடி தல தூக்கிப் பாப்பான்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "லீக் எப்போ?"

"தெரியலண்ணா. இப்போதைக்கு சூப்பர் கப்புதான். குரூப்ல மூணு மேட்ச்."

"மூணா!" என்று சிரித்தார்.

முதல் மேட்சில் மோகன் பகானிடம் 0-2. அடுத்தது ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. இரண்டாவது மேட்ச் முடிந்த இரவு, அதுவரை "ஓகே" என்று அமைதியாக இருந்த குழு விழித்துக்கொண்டது. இந்தியக் கோச்சால் முடியாது, சீக்கிரம் வெளிநாட்டில் தேடுங்கள் என்று செய்திகள் வரிசையாக வந்தன. கிரிகரிக்கு நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்த பையனும் அதில் ஒருவன். இப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அவசரம் மட்டும் குறையவில்லை. நானும் ஏதோ எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நாலு வாங்கிட்டாங்கண்ணா."

"பாத்தேன். நீ அத வுடு. எத்தன நாள் பிராக்டிஸ் பண்ணாங்க, அதச் சொல்லு."

பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். பதினோரு வருடமாக இந்த அணியின் பின்னால் அலைகிறவன், அந்தக் கேள்வியை எந்த கோச்சுக்காகவும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"அடுத்த மேட்ச் யார் கூட?" என்றார்.

"டெம்போ."

"அட, அவன் டீமாச்சே அது" என்றார். மிராண்டா ஆடிய டெம்போ, 2008-இல் ஆசிய கிளப்களுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையில் அரையிறுதி வரை போன டெம்போ என்று ஆரம்பித்து, அந்த அணியில் யார் யார் எங்கே ஆடினார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். இந்தப் பக்கம் குழுவில் செய்திகள் விழுந்துகொண்டே இருந்தன. போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.

டெம்போவுடன் 1-1.